பேர் சொல்லாத போன்

நெய்வேலி
18-10-1998

அன்புள்ள தம்பி லியோவுக்கு,

அக்கா சகாயமேரி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க முடியாத அளவுக்குக் கோபத்தில் இருக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன், இருமல் நின்றதா?

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் உன் படம் போட்டார்கள். தமிழ் வசனம் என் தம்பி என்று பிளாக் முழுக்கத் தம்பட்டம் அடித்து, எதிர் குவார்ட்டர்ஸ் விஜயகுமாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முறுக்கு வேறு சுட்டு வைத்திருந்தேன். படமா அது? பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள். எவனோ ஒருத்தன் போன் போட்டுவிட்டுப் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறான். பெற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கடைசியில் பிள்ளைகள் உயிருக்கே ஆபத்து. முப்பது வருஷத்துப் பழைய இங்கிலீஷ் படத்தைத் தோண்டி எடுத்துத் தமிழில் பேசவைத்து எங்கள் வீட்டுக்குள் விட வேண்டுமென்று உனக்கு என்ன வேண்டுதல்?

அந்தப் பெண் "நாங்க பொய் சொல்லல, நீங்க கேக்கல" என்று கத்துகிறாளே, அதை உன் மருமகள் மெர்லின் பிடித்துக்கொண்டுவிட்டாள். பால் குடித்தாயா என்றால் அதற்கும் அந்த வசனம்தான். பிளஸ் டூ படிக்கிற பெண், மார்ச்சில் பரீட்சை. திருச்சிக்குப் போய் பிசிக்ஸ் படிக்க வேண்டுமாம். அவள் அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. இந்த நேரத்தில் இது தேவையா?

உன் மாமா எப்போதும் படம் என்றால் எழுந்து போய்விடுவார். அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைசி வரை பார்த்தார். அவ்வளவு கெட்ட படம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த முறை சாமி படத்துக்கு வசனம் எழுது.

உன் அக்கா,
சகாயமேரி

*

சென்னை
27-10-1998

பாசமுள்ள அக்காவுக்கு,

லியோ எழுதுவது. இருமல் போய்விட்டது, உன் திட்டு வந்துவிட்டது. பாக்கியசாமி மாமா, மெர்லின் இருவரும் நலம்தானே?

படம் எடுத்தது நான் இல்லை அக்கா. டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் எப்போது வாயைத் திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்று பார்த்து அதற்குள் தமிழை அடைப்பதுதான் என் பிழைப்பு. நீ சொன்ன வசனம் இங்கிலீஷில் இல்லவே இல்லை. அந்தப் பெண் அங்கே அழுகிறாள், அவ்வளவுதான். வாய் கொஞ்ச நேரம் திறந்திருந்தது, நான் ஒரு வரி போட்டு நிரப்பினேன்.

பால் குடிக்க ஒரு வசனம் கிடைத்ததற்காவது சந்தோஷப்படு. மெர்லின் கெட்டிக்காரி, படம் பார்த்துக் கெடமாட்டாள். மாமாவிடம் திருச்சி விஷயத்தை நீதான் பேச வேண்டும். முறுக்கில் எனக்குப் பங்கு இல்லையா?

என்றும் உன் தம்பி,
லியோ

*

நெய்வேலி
15-11-1998

அன்புள்ள லியோவுக்கு,

அக்கா எழுதுவது. சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீ சிரித்துக்கொண்டே எழுதின கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்குப் போன் வருகிறது. எடுத்தால் பேசுவதில்லை. மூச்சு மட்டும்தான். தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. மெர்லின் பள்ளி விட்டு வந்து பையை இறக்குவதற்குள் மணி அடிக்கும். நாலரை, ஐந்து மணிக்கு. முதல் நாள் சிரித்தாள். இப்போது மணி அடித்தாலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் மாமா கன்வேயர் பிரிவில் போர்மேன், எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று கம்பெனி கொடுத்த போன் இது. வெளியிலிருந்து வந்தால் மணி இரண்டிரண்டாக அடிக்கும், கம்பெனி லைனுக்குள்ளிருந்து வந்தால் ஒற்றை மணி. இது ஒற்றை மணியில்தான் வருகிறது. அதைக் கண்டுபிடித்ததும் மெர்லின்தான். "பாத்தியா, டவுன்ஷிப்புக்குள்ளயே இருக்கான், வெளிய எங்கயும் போவாதே" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். லைப்ரரி நின்றது. கோயில் பாடல் குழு நின்றது. டியூஷன் ஒன்றுதான் மிச்சம்.

ஒரு நாள் நான் எடுத்தேன். மூச்சு. பின்னால் தூரத்தில் மூன்று தரம் ஏதோ ஹாரன். வைத்துவிட்டேன்.

எல்லாம் உன் படத்தால் வந்த வினை. அதைப் பார்த்த எந்தக் கழுதையோ இப்படி விளையாடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சகாயமேரி

*

சென்னை
24-11-1998

அன்பு அக்கா,

நலம். நீங்கள் நலமில்லை என்று தெரிந்து சிரித்ததற்கு வெட்கப்படுகிறேன்.

இரண்டே கேள்விகள். சத்தம்தான் என் தொழில், அதனால் கேட்கிறேன். அந்த ஹாரன் என்ன சத்தம், எங்கே அடிப்பது? இரண்டாவது, போன் தினமும் வருகிறதா, சில நாட்களில் மட்டுமா? இது இரண்டும் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மாமாவை எழுதிக் கொடுக்கச் சொல். கம்பெனி லைன் என்றால் எந்த நம்பரிலிருந்து வருகிறது என்று அவர்களால் பார்க்க முடியாதா? மெர்லினைத் தனியே விடாதே. உடனே பதில் போடு.

லியோ

*

நெய்வேலி
19-12-1998

அன்புள்ள லியோ மாமாவுக்கு,

மெர்லின் எழுதறேன். நல்லா இருக்கீங்களா? நான் எழுதினது அம்மாவுக்குத் தெரியாது. பதிலை வீட்டுக்குப் போடாதீங்க.

நீங்க ரெண்டு கேள்வி கேட்டீங்களாமே. அம்மா லெட்டரைப் படிச்சிட்டு அரிசி டின்னுக்கு அடியில வச்சிட்டாங்க. நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. கோயில் காலண்டர்ல போன் வந்த நாளெல்லாம் பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன். அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட் வர்ற வாரத்துல மட்டுந்தான் போன் வருது. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயிட்டா ராத்திரி பத்துக்கு மேலதான் வருவாங்க இல்லையா, அந்த நாள்ல மட்டும். அப்பா வீட்டுல இருக்கற வாரம் ஒரு தடவை கூட வந்ததில்ல. அந்த வாரத்துலயே அப்பாவுக்கு வார லீவு வர்ற நாள்ல கூட வர்றதில்ல.

இதை அப்பாகிட்ட காட்டினேன். காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நான் இல்லாத நேரம் பாத்து நோட்டம் விடறான்"னாங்க. அப்புறம் அடுத்த குண்டு. என்கூட டியூஷன் படிக்கிற கார்முகில்தான் இதைச் செய்யறானாம். போன மாசம் அவனும் நானும் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு பேசினதை யாரோ பார்த்துச் சொல்லிட்டாங்க. நாங்க பேசினது அந்தப் படத்தைப் பத்தி மாமா! அப்பா டியூஷன் சாருக்கிட்ட போய்ச் சொல்லி அவனை நிறுத்திட்டாங்க. எனக்கும் பரீட்சையோட படிப்பு போதுமாம். இவ்வளவு ஆபத்துல பொண்ணைத் திருச்சிக்கு எப்படி அனுப்பறதாம்?

கார்முகில் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே. அவங்க வீட்டுல போனே கிடையாது. பூத்துல போய்ப் பண்ணினா ரெண்டு ரெண்டு மணியாத்தானே அடிக்கும்? இது ஒத்த மணி. இதை நான் கத்திச் சொல்றேன், யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

எனக்கு ஒரு பேரு தோணுது. எழுதக் கை வரல மாமா.

மெர்லின்

*

நெய்வேலி
28-12-1998

அன்புள்ள லியோவுக்கு,

கிறிஸ்து பிறப்புப் பெருநாளும் புத்தாண்டும் உனக்கு நல்லதாக அமையட்டும். இங்கே சுகம். கேக் பார்சல் வந்தது.

போன் விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்று உன் மாமா சொல்கிறார். எக்ஸ்சேஞ்சுக்கு எழுதினால் நாலு பேருக்குத் தெரியும், பெண் பிள்ளை விஷயம். மெர்லினோடு டியூஷன் படித்த கார்முகில்தான் போன் செய்கிறான் என்று உன் மாமா அவனை டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டார்; அவன் அப்பா வைத்திலிங்கம் போன வாரம் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. "எங்க வூட்ல கரண்டே போன வருசந்தாங்க வந்துச்சு, போனுக்கு எங்கங்க போவோம்? பையன் படிச்சிக்கினு கெடந்தாங்க, இப்ப மூலையில உக்காந்துகினு இருக்கறான். நீங்க பர்மனெண்ட் ஆளு, ஒரு வார்த்த சொன்னா எனக்கும் வேல பூடும்ங்க" என்றார். உன் மாமா திரும்பி உள்ளே வந்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

நீ கேட்டிருந்தாய். சத்தம் எதையும் நான் கவனிக்கவில்லை.

பனியில் அலையாதே. கம்பளி போட்டுக்கொள்.

சகாயமேரி

*

சென்னை
5-1-1999

அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். எனக்கு இப்போது கோபம்.

நவம்பரில் "பின்னால் மூன்று தரம் ஹாரன்" என்று எழுதினாய். உன் கையெழுத்து என் முன்னால் இருக்கிறது. டிசம்பரில் சத்தம் எதையும் கவனிக்கவில்லை என்கிறாய். நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர்கள் வாயையே பார்த்து உட்கார்ந்திருப்பவன். யார் வாயைத் திறந்துவிட்டுச் சொல்லாமல் மூடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நான் அங்கே வந்திருந்தபோது குடும்பங்களை மைன்ஸ் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார்கள், ஞாபகம் இருக்கிறதா? மாமா நமக்குத் தன் பிரிவின் கன்வேயர் பெல்ட்டைக் காட்டினார். ஓடத் தொடங்கும் முன் ஆட்கள் விலகுவதற்காக மூன்று தரம் ஹாரன் அடித்தது. நீ பயந்துபோய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். அந்தச் சத்தத்தை நானே மறக்கவில்லை, நீயா மறப்பாய்?

ஒரு பையனை டியூஷனிலிருந்து விரட்டியாகிவிட்டது. அவன் தகப்பனைக் கேட்டில் நிற்க வைத்தாகிவிட்டது. ஒரு பெண் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பரீட்சைக்கு இரண்டு மாதம். பெண் பிள்ளை விஷயமாம்! பெண் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் நீங்கள்?

அந்தப் பேரை நான் எழுதப் போவதில்லை. நீ எழுது. எழுதும் வரை நான் கடிதம் போட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லியோ

*

நெய்வேலி
21-2-1999

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரை மாதம் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நானும் போடவில்லை. ஏழு தரம் எழுதிக் கிழித்தேன். இது எட்டாவது.

பாக்கியசாமி. எழுதிவிட்டேன், போதுமா?

எனக்கு நவம்பரிலேயே தெரியும். நான் எடுத்த அன்றைக்கே தெரியும். ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. கரித்தூசி ஏறி ஏறி அவருக்கு மூச்சு விடும்போது மூக்கில் சன்னமாக ஒரு விசில் வரும். இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற விசில், போனில் வந்தால் மட்டும் தெரியாதா? அப்போதே "ஏங்க, நீங்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வாரோ என்று பயம். பெற்ற பெண் பயப்படுவதைவிட என் பயம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. அந்தப் பாழாய்ப்போன கோபத்தையெல்லாம் உன் படத்தின் மேல் போட்டேன். படம் என்ன செய்யும்? நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தது அவர்தான்.

போன வாரம் மெர்லின் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "அம்மா, பரீட்சை எழுதிட்டு நான் வீட்டுலயே இருந்துடறேன், போன் வராம இருந்தா போதும்" என்றாள். அன்றைக்கும் செகண்ட் ஷிப்ட். நாலே முக்காலுக்கு ஒற்றை மணி அடித்தது. மெர்லின் ஓடினாள். நான் எடுத்தேன். மூச்சு, விசில்.

"டிபன் பாக்ஸ்ல மத்தி மீன் கொழம்பு வச்சிருக்கேன், ஆறிப்போவறதுக்குள்ள சாப்புடுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் இருமினார். வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி மெர்லினைப் படிக்கச் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பத்தரைக்கு அவர் வந்தார். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே இருந்தது. நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பெண் நேராக வீட்டுக்கு வருகிறாளா என்று பார்க்கத்தான் முதலில் பண்ணினாராம். அவள் பயந்ததைப் பார்த்ததும், "பயம் இருந்தாதான் பொண்ணு வூட்ல இருக்கும்" என்று தோன்றியதாம். நல்லதற்குத்தான் செய்தேன் என்கிறார். பெற்ற பெண்ணை நாலு மாதம் நடுங்க வைத்தது நல்லதற்காம்! ஊரான் பிள்ளை மேல் பழி போட்டதும் நல்லதற்காம்! நான் கத்தினேன், லியோ. எதிர் குவார்ட்டர்ஸில் லைட் எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் கத்தினேன்.

திருச்சிக்கு விண்ணப்பம் வந்ததும் அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவரே போய் டியூஷன் சாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் போய்க் கோயிலில் ஞாயிறு பாடல் பூசையில் மைக்கைப் பிடித்துச் சொல்வேன் என்றேன். மறுநாள் போனார். பையனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

மெர்லினுக்கு இன்னும் சொல்லவில்லை. போன் மட்டும் நின்றுவிட்டது. பரீட்சை முடியட்டும். நீயும் சொல்லாதே. எனக்குத் தெரியும் என்பதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

உன் அக்கா,
சகாயமேரி

*

சென்னை
1-3-1999

என் அக்காவுக்கு,

படித்தேன். மீன் குழம்பு வசனத்தை என்னால் ஜன்மத்தில் எழுத முடியாது.

நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொல்ல வேண்டும், அவள் ஊரை விட்டுப் போவதற்கு முன் சொல்ல வேண்டும். வைத்திலிங்கம் வீட்டுக்கும் போ. அவர் உங்கள் கேட்டுக்கு வெளியில் நின்றார், நீ அவர் வீட்டுக்குள் போய்ச் சொல். டியூஷன் சாரிடம் சொன்னது போதாது.

நன்றாகச் சாப்பிடு. மெர்லினுக்கு என் ஆசீர்.

லியோ

*

திருச்சி, பெண்கள் விடுதி
11-7-1999

அன்புள்ள லியோ மாமாவுக்கு,

மெர்லின் எழுதறேன். இங்க வந்து மூணு வாரம் ஆச்சு. சாப்பாடு சுமார், பிசிக்ஸ் நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?

அம்மாதான் கொண்டுவந்து விட்டாங்க. பஸ் விருத்தாசலம் தாண்டினப்போ எல்லாத்தையும் சொன்னாங்க. அப்பான்னு எனக்கு டிசம்பர்லயே தெரியும் மாமா, உங்களுக்குக் கூட எழுத வந்தேனே. அம்மாவுக்கும் தெரியும்ங்கறதுதான் எனக்குத் தெரியாது. திருச்சி வர்ற வரைக்கும் நான் அம்மாகூடப் பேசல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஹாஸ்டல் கேட்டுல அவங்க திரும்பிப் போறப்போ புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். கோபம் போயிடுச்சான்னு கேட்டா, போகல. அழுகையும் வந்துச்சு, கோபமும் இருக்கு.

கார்முகில் விருத்தாசலத்துல பி.எஸ்சி. சேர்ந்திருக்கான். இன்ஜினியரிங் கொஞ்ச மார்க்குல போயிடுச்சு. அம்மா அவங்க வீட்டுக்குள்ள போய் எல்லார் முன்னாடியும் சொன்னாங்களாம். அவன் அப்பா டீ போட்டுக் கொடுத்தாராம். அது சரி, அவன் டியூஷனை விட்டு நின்ன ரெண்டு மாசத்தை யாரு கொடுப்பாங்க?

இன்னொன்னு சொல்லணும். இங்க ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கு வர்ற போனை ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு பொண்ணு முறை வச்சு எடுக்கணும். யார் பண்ணினாலும் பேர், உறவு, நேரம் மூணையும் ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் பொண்ணைக் கூப்பிடணும். வார்டன் சிஸ்டர் இதுல ரொம்பக் கண்டிப்பு. இன்னிக்கு என் முறை.

சாயங்காலம் மணி அடிச்சது. எடுத்தேன். பஸ் சத்தம், அப்புறம் மூச்சு. மூக்குல அந்த விசில். பாத்ரூம் எந்தப் பக்கம்னு கண்ணு தானா தேடிச்சு. ஆனா நான் வைக்கல.

"யார் பேசறீங்க?"ன்னேன்.

"அப்பாம்மா"ன்னார்.

"பேர் சொல்லுங்க."

"அப்பாதாம்மா. பூத்துல இருந்து பேசறேன். மீட்டர் ஓடுது."

"ஓடட்டும். முழுப் பேரு சொல்லுங்க, எழுதணும்."

நான் பேனாவைப் பிடிச்சிக்கிட்டே நின்னேன். கடைசியா, "பாக்கியசாமி"ன்னார். யாருகிட்ட பேசணும்னு கேட்டேன். "மெர்லின்கிட்ட. என் பொண்ணு"ன்னார்.

எழுதினேன். பேர்: பாக்கியசாமி. உறவு: தகப்பன். நேரம்: 4.45. எழுதி முடிச்சு, அடியில கோடு போட்டேன்.

அதுக்கப்புறம்தான், "மெர்லின்தான் பேசறேன், சொல்லுங்கப்பா"ன்னேன்.

உங்கள் மருமகள்,
மெர்லின்